பருத்த ஆணி

கச்சான் எழும்பிவிட்டால் எங்கள் தெருவில் மேற்குப் பார்த்த சன்னல் ஒன்றும் திறக்காது. வைகாசியில் தொடங்கும் அந்த மேல்காற்று ஆவணி வரைக்கும் தூத்துக்குடியை விடாது. புழுதியும் உப்பளத்துப் பொடியும் வீட்டுக்குள் வந்து, தின்கிற சோற்றில் ஒரு நறநறப்பு இருந்துகொண்டே இருக்கும். கொடியில் போட்ட துணியை அடுத்த தெருவில் போய்ப் பொறுக்கி வருவாள் ஆச்சி. ஊரே அந்தக் காற்றை வையும். தாத்தா மட்டும் அதற்காகக் காத்திருப்பார்.

மன்னார் வளைகுடாவைத் தாண்டினால் கடல் கிடந்து குமுறும் மாதங்கள் அவை. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய்த்தோணி எதுவும் போகாது. போகாத தோணி கரைக்கு வரும். கரைக்கு வந்த தோணி தாத்தாவுடையது.

அவருக்கு அதில் காலணா பங்கு கிடையாது. முதலாளி வேறு. தாத்தா நாற்பது வருஷம் தோணியை நடத்தும் தண்டலாக இருந்தவர். முட்டி தேய்ந்து கரையில் உட்கார்ந்த பிறகு, வருஷா வருஷம் தோணியைப் பழுதுபார்த்துக் கொடுக்கும் பொறுப்பை முதலாளி அவரிடம் விட்டிருந்தார். "கடல்ல நிக்கும்போது அது தண்டலோட தோணி. காசு எண்ணும்போது முதலாளி தோணி. இந்த மூணு மாசம் எந்தோணி" என்பார். அந்த மூன்று மாதத்தில் முதல் சில வாரம் எனக்குப் பள்ளி விடுமுறை. மீதி நாளில் பள்ளிக்கூடம் விட்டதும் தோணித்துறைதான்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. 1974 ஜூலையில் புதுத் துறைமுகம் வந்திருந்தது. அதற்கு முன்னால், பழைய துறைமுகத்தில் ஆழம் போதாமல் பெரிய கப்பல்கள் ஐந்தாறு மைல் தள்ளியே நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கை ஏற்றவும் இறக்கவும் தோணிகள்தான் ஓடின. கப்பல் நேராகக் கரையில் வந்து அணைய ஆரம்பித்ததும் அந்தப் பிழைப்பு போனது. மிஞ்சிய தோணிகள் கடல் கடந்து போகும் சரக்கையே நம்பின. உப்பு, வெங்காயம், மிளகாய் என்று மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு பாய் விரித்துப் போகும். நூற்றைம்பது கடல் மைல் தள்ளி இருக்கிற கொழும்பு, எங்கள் தெருப் பேச்சில் மதுரையைவிடப் பக்கத்து ஊர்.

எங்கள் கடலில் பெருக்குக்கும் வற்றுக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர்கூட வராது. கடல் தானாக வற்றித் தோணியைக் காயவைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பாரம் முழுக்க இறக்கி, பாய் கட்டுகிற பருமல்களைக் கழற்றி, வெறும் கூடாக்கிக் கரைக்கு நெருக்கி, வடம் கட்டி இழுத்துச் சாய்ப்பார்கள். அதுவரை தண்ணீருக்குள் இருந்த வயிறு அன்றைக்குத்தான் வெயில் பார்க்கும். பாசியும் கொட்டலசும் அப்பிய அந்த வயிற்றில் இருந்து கிளம்பும் வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. மீன் நாற்றமும் இல்லை, சேற்று நாற்றமும் இல்லை. திறக்காத அறையைத் திறந்தது போல ஒன்று.

சாய்த்த முதல் நாள் ஒரு வேலையும் தொடங்கக் கூடாது. அன்று தாத்தா கேட்கும் நாள்.

காலை வெயில் ஏறும் முன் கையில் சின்னச் சுத்தியலோடு வருவார். தோணித் தச்சரான ஓடாவி பின்னால் நிற்பார். நான் சாக்கட்டியை வைத்துக்கொண்டு கூட நடப்பேன். முன்பக்க அணியத்தில் ஆரம்பித்துப் பின்பக்க அமரம் வரைக்கும் கண்ணில் படுகிற ஆணித்தலை ஒவ்வொன்றையும் ஒரு தட்டு. இடது கைப் பெருவிரலை ஆணித்தலைக்குப் பக்கத்திலேயே பலகையில் வைத்திருப்பார். காது ஒன்று சொல்லும், விரல் ஒன்று சொல்லும், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். மரத்தை இறுகப் பிடித்திருக்கும் ஆணி 'கிண்' என்று சொல்லும். உள்ளே இளைத்துப் போன ஆணி 'டொப்' என்று சொல்லும். டொப் என்றால் "போடுலே" என்பார். நான் சாக்கட்டியால் வட்டம் போடுவேன். சில ஆணிக்குக் கீழே பலகையில் துரு வழிந்து பழுப்புக் கோடு இறங்கியிருக்கும். அவற்றைத் தட்டாமலேயே வட்டம் போடச் சொல்வார். "இது தானே வாயத் தொறந்து சொல்லிட்டு. இதப்போய் எதுக்குத் தட்டணும்?"

பக்கத்துத் தோணியில் கலபத்து நடந்தால் இந்தக் கேட்பு நடக்காது. கலபத்து என்றால் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள இடுக்கில் முறுக்கிய பஞ்சை உளி வைத்து அடித்து இறக்குவது. பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்து அடித்தால் கடற்கரையே அதிரும். அப்போது தாத்தா போய் அவர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்வார். அவர்களும் பீடி பற்றவைத்துக்கொண்டு நிறுத்துவார்கள். தண்டல் ஒருவர் தோணியைக் கேட்கிறார் என்றால் அந்த மரியாதை உண்டு.

சாக்கட்டி வட்டம் விழுந்த ஆணிகளை மறுநாளில் இருந்து பிடுங்குவார்கள். அங்கேதான் எனக்கு உத்தியோகம்.

மூன்று டின்கள். மூன்றும் பழைய பிஸ்கட் டின். முதல் டின்னில், தட்டிச் சுத்தம் செய்தால் திரும்பவும் ஆகிற ஆணி. இரண்டாவதில், வளைந்தது, கொல்லாசாரி உலைக்குப் போக வேண்டியது. மூன்றாவதில், எடைக்குப் போடுவது. ஆணி என்றால் வீட்டில் படம் மாட்டுகிற ஆணி இல்லை. என் முழங்கை நீளத்துக்கு, கட்டை விரல் பருமனில், தோணியின் விலா எலும்பான வங்கையும் பலகையையும் ஊடுருவி மறுபக்கம் வந்து மடிகிற இரும்பு. கயிறும் கப்பியும் மாட்டுகிற வளைய ஆணிகள் தனி. ஒரு கிலோ எடையில்கூட அதில் உண்டு.

பிரிக்கிற வேலைக்குத் தாத்தா ஒரே ஒரு சட்டம் சொன்னார். "பாத்துப் போடாத. தட்டிட்டுப் போடு."

ஏன் என்று முதல் வாரத்திலேயே விளங்கியது. பிடுங்கிய ஆணியின் தலை நன்றாக இருக்கும். நுனி நன்றாக இருக்கும். நடுவில், பலகையும் வங்கும் ஒட்டுகிற இடத்தில்தான் தண்ணீர் போய்த் தங்கும். அங்கேதான் இரும்பு கரையும். கரைந்த இரும்பு எங்கும் போய்விடாது. துருவாக அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். இரும்பைவிட அதன் துரு பல மடங்கு இடத்தை அடைக்கும் என்பதால், செத்த ஆணி உயிருள்ள ஆணியைவிடப் பருத்துத் தெரியும். அடைகல்லில் வைத்து நாலு தட்டு தட்டினால் கறுப்பும் பழுப்புமாக ஏடு ஏடாக உதிரும். எல்லாம் உதிர்ந்த பிறகு பார்த்தால் நடுவில் சுண்டுவிரல் கனம்கூட இருக்காது. குளவிக்கு இடுப்பு இருக்கிற மாதிரி இருக்கும். தாத்தா அதைக் 'கொழுத்த சவம்' என்பார். ஆச்சிக்கு அந்த வார்த்தை பிடிக்காது.

இரும்புக்கும் மரத்துக்கும் நடுவில் உப்பு செய்கிற வேலை எனக்கு அப்போது பெரிய புதிராக இருந்தது. உப்பு ஏற்றுகிற தோணி என்பதால் உள்பக்கமெல்லாம் உப்பு ஊறிக் கிடக்கும். அந்த மரத்தைத் தட்டினால் புதுசு போல இருக்கும். மீனைக் கருவாடாக்குகிற அதே உப்பு மரத்தையும் மக்காமல் வைக்கும். அந்த மரத்தில் அடித்த ஆணியைத்தான் தின்றுவிடும். நல்ல மரத்தில் செத்த ஆணி என்பது தூத்துக்குடித் தோணியின் தலையெழுத்து. பிடுங்காமல் விட்டால் அந்தத் துரு தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கறுக்க வைத்து, நொறுங்க வைத்துவிடும். இரும்பு மரத்துக்குள் இருந்தபடியே மரத்தைக் கொல்லும்.

புது ஆணி இறக்குகிற பக்குவம் தனி. பழைய துளையைத் துரு போகிற வரைக்கும் கடைந்து கொஞ்சம் பெரிதாக்குவார் ஓடாவி. அடுத்த பருமனில் ஆணி எடுப்பார்கள். ரெட் லெட் பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து ஆணிக்குப் பூச வேண்டும். தலைக்குக் கீழே அதே குழம்பில் தோய்த்த சணல் நூலை வளையமாகச் சுற்ற வேண்டும். ஆணி இறங்க இறங்க அந்த நூல் நசுங்கித் தலைக்கும் பலகைக்கும் நடுவில் தண்ணீர் புகாமல் அடைத்துக்கொள்ளும். குழைக்கிறதும் பூசுகிறதும் என் வேலை. குங்குமத்தைவிடப் பளிச்சென்ற சிவப்பு அது. ஈயம் என்பதால் விஷம். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, மண்ணைப் போட்டுத் தேய்த்து, புளி போட்டுக் கழுவினால்தான் ஆச்சி சோற்றுத் தட்டைத் தருவாள். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் மட்டும் சிவப்பு நிற்கும்.

ஆணி தவிர மற்ற இரும்புகளுக்கும் தாத்தாவிடம் ஒவ்வொரு வைத்தியம் இருந்தது. கப்பிகளைக் கழற்றி, நடுவில் உள்ள அச்சாணியைப் பாதிச் சுற்று திருப்பிப் போடுவார். பாரம் எப்போதும் ஒரே பக்கம்தான் அழுத்தும் என்பதால் அச்சாணி அந்தப் பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும். திருப்பிப் போட்டால் இன்னும் ஒரு வருஷம் ஓடும். பருமலை ஏற்றுகிற ஆஞ்சான் கயிற்றையும் அப்படித்தான் தலைமாற்றிக் கட்டுவார். மேலே கப்பியில் உரசிய பகுதி கீழே கட்டுகிற இடத்துக்கு வந்துவிடும். சாக்கிள் முளையைத் திருகி இறுக்கினால் மட்டும் போதாது. அதன் காதில் கம்பி நுழைத்துக் கட்டியாக வேண்டும். "ஒரு நாளைக்கு ஆயிரம் ஆட்டம் ஆடுது தோணி. ஒரு ஆட்டத்துக்கு ஒரு நூல் களண்டாலும் போதும்." சுக்கானைத் தூக்கி வெளியே எடுத்து, அது மாட்டியிருக்கிற வளையங்களில் விரலை விட்டுச் சுழற்றிப் பார்ப்பார். எந்தப் பக்கம் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறது என்பதை வைத்து, போன வருஷம் எந்தக் காற்றில் அதிகம் ஓடியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். புதுத் தண்டல் வாயைத் திறக்க மாட்டார்.

செம்பும் இரும்பும் ஒன்றை ஒன்று தொடக் கூடாது என்பது அவருக்கு வேதம். எங்காவது செப்பு ஆணி அடிக்க வேண்டி வந்தால், பக்கத்து இரும்புக்கு நடுவில் தார்த்துணி வைக்காமல் விடமாட்டார். "ரெண்டும் ஒரு வீட்டுல இருந்தா இரும்புதாம்லே சாவும்." ஏனென்று கேட்டால், அவருடைய தண்டல் சொன்னது என்பார். ரொம்பக் காலம் கழித்து, கல்லூரி நூலகத்தில் ஒரு கதை படித்தேன். 1761-ல் பிரிட்டிஷ் கடற்படை 'அலாரம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பாகத்தைச் செப்புத் தகட்டால் போர்த்தியது. மரம் தின்னும் புழு அண்டவில்லை. ஆனால் 1763-ல் தகட்டை உரித்துப் பார்த்தால் செம்பு பட்ட இடத்து இரும்பு ஆணிகள் கரைந்திருந்தன. தகட்டைச் சுற்றிவந்த பழுப்புத் தாளை உரிக்காமல் அப்படியே வைத்து அடித்த இடங்களில் மட்டும் ஆணி பிழைத்திருந்தது. ஒரு சோம்பேறித் தச்சன் காகிதத்தை உரிக்காமல் விட்டதால் ஒரு கடற்படை கற்றுக்கொண்ட பாடம். எனக்குத் தாத்தாவின் தார்த்துணி நினைவுக்கு வந்து, வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நூலகர் முறைத்தார்.

மத்தியான வேளையில் தோணி நிழலில் படுத்துக்கொண்டு தாத்தா கதை சொல்வார். வல்வெட்டித்துறைக்காரர்கள் வேப்ப மரத்தில் ஒரு கப்பல் கட்டினார்கள், அன்னபூரணி என்று பெயர், அதை ஒரு வெள்ளைக்காரன் வாங்க, நம்ம ஆளுகளே பாய் விரித்து அமெரிக்கா வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் என்று சொல்வார். வேம்பு கசப்பு, புழு வாய் வைக்காது என்பது அந்தக் கதையில் அவருக்குப் பிடித்த இடம். நான் அதை, கடல்கன்னிக் கதையோடு சேர்த்து வைத்திருந்தேன். உண்மையிலேயே 1938-ல் அந்தக் கப்பல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைத் தொட்டது என்பதை வளர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். தாத்தா சொன்னதில் எதையெல்லாம் இப்படி நம்பாமல் விட்டேனோ.

எனக்குப் பத்து வயசான கச்சானில் அந்தக் காரியம் நடந்தது.

டின் பிரிக்கிற வேலையில் அது எனக்கு மூன்றாவது வருஷம். முதல் வருஷம் தாத்தா டின்னைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரண்டாவது வருஷம் மேலாக நாலைந்தை எடுத்துப் பார்த்தார். மூன்றாவது வருஷம் பார்க்கவே இல்லை. என் முதல் டின் நேராக ஓடாவி கைக்குப் போனது. அந்தப் பெருமையில் நான் தெருவில் மற்ற பையன்களோடு கோலி விளையாடுவதைக்கூட நிறுத்தியிருந்தேன்.

ஆடி மாதம். பனிமய மாதா கோவிலில் கொடி ஏறியிருந்தது. ஆகஸ்ட் 5 பெருநாள் வரைக்கும் பீச் ரோடு ஊர் மாதிரியே இருக்காது. ராட்டினமும் வளையல் கடையும் மிட்டாய்க் கடையுமாகக் கிடக்கும். காற்று திரும்பும்போதெல்லாம் ராட்டினத்தின் கிறீச் சத்தம் தோணித்துறைக்குக் கேட்கும். அன்று சாயங்காலம் பையன்கள் என்னைக் கூப்பிட வந்தார்கள். என் முன்னால் தட்டாமல் ஒரு குவியல் கிடந்தது. எட்டு வளைய ஆணிகள். வளையத்தோடு சேர்ந்த ஆணி என்பதால் அடைகல்லில் சரியாக உட்காராது, தட்டுவது பெரும்பாடு. நான் அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். எல்லாமே கனமாக, பருமனாக இருந்தன. பார்த்தேன். தட்டவில்லை. ரெட் லெட்டைத் தோய்த்து எட்டையும் முழுசாகப் பூசி முதல் டின்னில் வைத்துவிட்டு ராட்டினத்துக்கு ஓடினேன்.

சிவப்புப் பூசிய பிறகு உலகத்தில் எல்லா இரும்பும் ஒரே அழகுதான்.

ஆவணிப் பிறப்பில் தோணி மறுபடி தண்ணீரில் மிதந்தது. சுண்ணாம்பும் கொழுப்பும் குழைத்துப் பூசிய அடிவயிறு, மீன் எண்ணெய் பூசிப் பளபளத்த மேல்பலகை, புதுக்கயிறு. முதலாளி வந்து தேங்காய் உடைக்கச் சொல்லி, எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். பருமலை ஏற்றிப் பார்க்கும் நேரம் வந்தது. பெரிய பாய் கட்டிய பருமல் சாமானியக் கனம் இல்லை. ஆஞ்சான் கயிறு மேலே கப்பியில் ஏறி, கீழே தட்டில் அடித்த வளைய ஆணியில் மாட்டிய கப்பி வழியாக வந்து, பன்னிரண்டு பேர் கைக்கு வரும். ஒருவர் அம்பாப் பாட்டு எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பதில் பாடி இழுத்தார்கள். பருமல் ஒரு முழம் ஏறியது, இரண்டு முழம் ஏறியது, பாதி மரத்துக்கு வந்தது.

ஒரு சத்தம். துப்பாக்கி வெடித்தது என்றுதான் நினைத்தேன். கீழ்க் கப்பி பிய்த்துக்கொண்டு, இழுத்துக்கொண்டிருந்த ஆட்களின் தலைக்கு மேலே பறந்தது. பன்னிரண்டு பேரும் மல்லாந்து விழுந்தார்கள். பருமல் அப்படியே இறங்கிப் சமையல்காரப் பண்டாரியின் அடுப்பு மேல் விழுந்து, பானையும் கஞ்சியும் விறகும் தட்டு முழுக்கச் சிதறின. பண்டாரி ஒரு நிமிஷத்துக்கு முன்புதான் கருவாடு வாங்க இறங்கியிருந்தார். யாருக்கும் ஒன்றும் இல்லை. கையில் கயிறு உரசித் தோல் போனது மட்டும்தான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

தாத்தா குனிந்து, தட்டில் உருண்டு கிடந்த வளையத்தை எடுத்தார். ஆணி இடுப்பில் முறிந்திருந்தது. முறிந்த முகத்தை வெயிலில் காட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். சுற்றிலும் கறுப்பு, அதைச் சுற்றிப் பழுப்பு, வெளியே என்னுடைய சிவப்பு. நட்டநடுவில் குன்றிமணி அளவுக்கு மட்டும் வெள்ளையாக மின்னியது. அந்தக் குன்றிமணி இரும்புதான் பருமலைப் பாதி மரம் வரைக்கும் தூக்கியிருந்தது.

முதலாளி கேட்டார், "என்ன அண்ணாவி, பாத்துத்தானே போட்டீக?"

"பழைய இரும்பு மொதலாளி. பாத்தாத் தெரியாது" என்றார் தாத்தா. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். நகக்கண்களில் சிவப்பு அப்படியே இருந்தது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

மீதி ஏழு வளைய ஆணிகளையும் அன்றைக்கே பிடுங்கித் தட்டினார்கள். அவற்றில் இரண்டு குளவி இடுப்பு. தோணி புறப்பட நான்கு நாள் தாமதமானது. தாத்தா வீட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடித்திருந்தால் அன்றோடு போயிருக்கும். நான் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அவர் எப்போது கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவே இல்லை. ஐப்பசி மழை வந்தது, கிறிஸ்துமஸ் வந்தது, பரீட்சை வந்தது.

அடுத்த கச்சான் வந்தது. தோணியைச் சாய்த்தார்கள். தாத்தா கேட்டு முடித்தார். மறுநாள் நான் தயங்கித் தயங்கிப் போனபோது, அதே இடத்தில், அதே அடைகல்லுக்குப் பக்கத்தில் மூன்று டின்களும் இருந்தன. உட்கார்ந்தேன். முதல் டின்னை இழுத்தபோது உள்ளே ஏதோ உருண்டது. எட்டிப் பார்த்தேன். இடுப்பில் முறிந்த அந்த வளைய ஆணி, போன வருஷத்துச் சிவப்போடு கிடந்தது. எடைக்குப் போடுகிற மூன்றாவது டின்னில் இல்லை. நல்ல ஆணி போடுகிற முதல் டின்னில்.

நிமிர்ந்து பார்த்தேன். தாத்தா அந்தப் பக்கம் கயிறு தலைமாற்றிக்கொண்டிருந்தார். நான் அதை எடுத்து மூன்றாவது டின்னில் போட்டேன். டங்கென்று சத்தம் கேட்டது. அவர் திரும்பவில்லை. ஆனால் அந்த வருஷம் என் டின்னை அவர் கவிழ்த்துப் பார்க்கவும் இல்லை.

பிறகு காலம் மாறியது. 1983-க்குப் பின் இலங்கை நிலைமையால் கொழும்புப் போக்குவரத்து தடுமாறியது. ஒவ்வொரு தோணியாக எஞ்சின் ஏறியது. எங்கள் தோணிக்கும் வந்தது. அரசாங்கப் பதிவேட்டில் அந்த வகைக்கு 'எந்திரம் பொருத்திய பாய்க்கலம்' என்றுதான் பெயர். பெயரில் பாய் இருந்தது, மரத்தில் குறைந்துகொண்டே வந்தது. தாத்தா எஞ்சினை வையவில்லை. எஞ்சின் ஏறிய முதல் வருஷம் தோணி கரைக்கு வந்தபோது, பின்பக்கத்தில் ஆணிகள் கொத்தாக ஆட்டம் கண்டிருந்தன. பஞ்சு இடுக்கில் இருந்து பிதுங்கியிருந்தது. "காத்து இழுக்கும். இது ஒதறுது. இழுக்கறதுக்குக் கட்டின ஒடம்புலே இது" என்றார். அமரத்தில் எஞ்சின் உட்காரும் இடத்தைச் சுற்றிப் புதுசாகப் போல்ட்டு போடச் சொன்னார். நட்டுகளுக்கு எல்லாம் சாக்கிளுக்குக் கட்டுகிற மாதிரியே கம்பி கட்டச் சொன்னார். எஞ்சின் மெக்கானிக் பையன் சிரித்தான். அடுத்த வருஷம் அவனே கம்பி வாங்கி வந்து கட்டினான்.

நான் சென்னையில் படித்துக்கொண்டிருந்த வருஷம், விடுமுறைக்கு வந்தபோது தோணியைச் சாய்த்திருந்தார்கள். தாத்தா சுத்தியலோடு கிளம்பினார். நான் சாக்கட்டியை எடுத்தேன். தோணி உடம்பில் இரண்டு பக்கமும் பாய்மரக் கயிறுகளைப் பிடித்த பெரிய வளைய ஆணிகள் இன்னும் இருந்தன. இப்போது அவற்றில் கயிறு கிடையாது. தாத்தா அவற்றையும் தட்டிக்கொண்டே போனார்.

"இது இப்ப ஒண்ணையும் பிடிக்கலயே தாத்தா, இத எதுக்குத் தட்டுறீக?" என்றேன்.

"ம்?" என்று காதுப் பக்கம் கையைக் குவித்தார். இன்னொரு தரம் உரக்கச் சொன்னேன்.

"மரத்துக்குள்ளதானலே இருக்கு" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டிலும் இரண்டு நாளாக ஆச்சி எதையும் கத்தித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். கடல் காற்றும் நாற்பது வருஷக் கலபத்துச் சத்தமும் வயசும் சேர்ந்து காதைக் கொண்டுபோயிருந்தன. அன்றைக்குப் பக்கத்துத் தோணியில் கலபத்து அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர் அவர்களை நிறுத்தச் சொல்லவே இல்லை.

அணியத்தில் இருந்து நாலைந்து ஆணி தட்டிப் பார்த்தார். பெருவிரலைப் பலகையில் வைத்து நின்றார். பிறகு சுத்தியலை என் பக்கம் நீட்டினார். என் கையில் இருந்த சாக்கட்டியை வாங்கிக்கொண்டார்.

நான் போய்க் கலபத்துக்காரர்களிடம் ஒரு மணி நேரம் கேட்டேன். பீடி பற்றவைத்தார்கள். கடற்கரையில் காற்றுச் சத்தம் மட்டும் மிஞ்சியது. திரும்பி வந்து, பெருவிரலைப் பலகையில் வைத்து முதல் ஆணியைத் தட்டினேன். கிண். தலையாட்டினேன். அடுத்தது. கிண். அதற்கடுத்தது பார்க்கப் பருத்து, திடமாக, நல்ல ஆணி போல இருந்தது. தட்டினேன். திரும்பவும் தட்டினேன். தாத்தா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது சரியில்ல தாத்தா" என்றேன்.

அவர் ஆணியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், குனிந்து அதைச் சுற்றி வட்டம் போட்டார்.